கண்ணை மூடினால் எது தெரிய வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் தன்னம்பிக்கை பற்றி ஒரு வாசகிக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு சென்னையின் எல்லா மூலையிலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. ஆசைப்பட்டதை மனசுக்குள் பார்த்தால் நடக்குமா, முழுசாக நம்பினால் கிடைக்குமா என்று ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இது ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

*

அன்புள்ள அக்கா, எனக்கு 26 வயது. பி.காம். முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். இரண்டு முறை எழுதியும் கிடைக்கவில்லை. விடியற்காலையில் எழுந்து, வேலை கிடைத்துவிட்டதாகவே நினைத்து அந்தச் சந்தோஷத்தை அனுபவித்தால் பிரபஞ்சம் அதைக் கொண்டுவந்து தரும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். ஆறு மாதமாகச் செய்கிறேன். தாலுகா ஆபீஸில் நான் உட்கார்ந்திருப்பதும் அம்மா பக்கத்து வீட்டில் ஸ்வீட் கொடுப்பதும் அப்படியே கண்ணில் தெரிகிறது. ஆனால் ராத்திரி புத்தகத்தைத் திறந்தால் அரை மணி நேரம்கூட உட்கார முடியவில்லை. அவரிடமே கேட்டேன், "உங்கள் நம்பிக்கையில் எங்கேயோ சந்தேகம் கலந்திருக்கிறது" என்று பதில் போட்டார். குறை என் நம்பிக்கையில்தானா?
— பெயர் வேண்டாம், வியாசர்பாடி

தம்பி, உங்கள் நம்பிக்கையில் குறை எதுவும் இல்லை, முதலில் அதை மனசிலிருந்து இறக்கி வையுங்கள். நடந்தால் நான் சொன்னது பலித்தது, நடக்காவிட்டால் நீ சந்தேகப்பட்டாய் என்று சொல்கிற முறை ஒருநாளும் தோற்காது, தோற்பது அதை நம்பினவர் மட்டும்தான். இரண்டு முறை தேர்வு எழுதிவிட்டு மூன்றாவது முறைக்கும் உட்கார்கிற ஒரு பையனிடம் உனக்கு நம்பிக்கை போதாது என்று சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ, எனக்குக் கோபம்தான் வருகிறது.

விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வேலை கிடைத்த சந்தோஷம் விடியற்காலையிலேயே முழுசாகக் கிடைத்துவிடுகிறது, அப்புறம் ராத்திரி எட்டு மணிக்குத் தனிவட்டியோடும் கூட்டுவட்டியோடும் எதற்கு மல்லுக்கட்ட வேண்டும் என்று உடம்பு கேட்கிறது. கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதைப் பல வருடங்களாக ஆராய்ந்திருக்கிறார். 1991-இல் வெளியான அவருடைய ஆய்வு ஒன்றில், எடையைக் குறைக்கும் சிகிச்சைக்கு வந்த பெண்களிடம் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்த்தார்கள். எடை குறையும் என்று எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்பது ஒன்று, குறைந்தபின் என்ன நடக்கும் என்று மனசில் ஓடும் கற்பனை எப்படி இருக்கிறது என்பது இன்னொன்று. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், குறையும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு நன்றாகவே குறைந்திருந்தது. ஆனால் இனிப்பான கற்பனையில் மிதந்தவர்களுக்கு, அப்படி மிதக்காதவர்களைவிடச் சுமார் 11 கிலோ கம்மியாகத்தான் குறைந்திருந்தது. நம்பிக்கை ஒரு பக்கம் இழுக்க, கற்பனை அதற்கு எதிர்ப்பக்கம் இழுத்திருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி விற்பதுதான் நீங்கள் பார்த்த வீடியோக்கள் செய்கிற வேலை. பின்னால் 2011-இல் ஹெதர் காப்பஸ் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து அவர் இன்னொன்றையும் காட்டினார்: ஆசைப்பட்டது கிடைத்துவிட்டதாகக் கற்பனை செய்பவர்களுக்கு ரத்த அழுத்தமே சற்று இறங்குகிறது, அதாவது உடம்பு வேலை முடிந்துவிட்டது என்று தளர்ந்து உட்கார்ந்துவிடுகிறது.

அப்படியென்றால் கற்பனையே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் காட்சியை மாற்றுங்கள். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தேர்வுக்குச் சில நாள் முன்பு மாணவர்களைப் பிரித்து, ஒரு குழுவை நல்ல மார்க் வாங்கியதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள், இன்னொரு குழுவை நல்ல மார்க் வருகிற மாதிரி உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். படிப்பதைக் கற்பனை செய்தவர்கள் சீக்கிரமே படிக்க ஆரம்பித்து, அதிக நேரம் படித்து, கூடுதல் மார்க் வாங்கினார்கள். மார்க்கை மட்டும் கற்பனை செய்தவர்கள் படித்த நேரம் குறைந்துபோனது. ஃபாம், டெய்லர் என்ற இருவர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இது.

ஆகவே இன்று ராத்திரி படுக்கும் முன் தாலுகா ஆபீஸ் வேண்டாம், நாளை சாயங்காலத்தைப் பாருங்கள். எங்கே உட்காரப் போகிறீர்கள், எந்தப் புத்தகம், எந்தப் பாடம் என்று பாருங்கள். (வீட்டில் இடமில்லை என்றால் கொளத்தூர் அகரத்தில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகம் உங்களுக்கு அதிக தூரமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போகலாம், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள்.) அந்தக் காட்சியில் இடைஞ்சலும் கட்டாயம் வர வேண்டும், அதை வெட்டிவிடாதீர்கள். நாற்பதாவது நிமிடத்தில் கணக்கு ஒன்று வராது, கை தானாகப் போனுக்குப் போகும், நண்பன் டீக்குக் கூப்பிடுவான். அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதையும் பார்த்துவிடுங்கள். அதையே ஒரு வரியாக எழுதி வையுங்கள்: "அவன் கூப்பிட்டால், ஒன்பது மணிக்கு வர்றேன்டா என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்." இப்படி 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு கட்டி வைப்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நிறைய ஆராய்ந்திருக்கிறார், அவர் ஓட்டிங்கனின் கணவர்தான். வெறுமனே "நாளையிலிருந்து நன்றாகப் படிப்பேன்" என்று உறுதி எடுப்பதைவிட இது எவ்வளவோ மேலாக வேலை செய்கிறது, ஏனென்றால் அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை, முடிவு முன்னாலேயே எடுத்தாயிற்று.

தேர்வு நெருங்கும்போது ஹாலையும் இதே போலப் பாருங்கள். மூன்று மணி நேரம், 200 கேள்வி, கறுப்பு பால்பாயிண்ட் பேனா, அடுத்தடுத்து நான்கு கேள்விக்குப் பதில் தெரியவில்லை, வயிற்றைக் கலக்குகிறது, அப்போது மூச்சை இழுத்துவிட்டு ஐந்தாவது கேள்விக்குப் போகிறீர்கள். போன முறை எந்த இடத்தில் நேரம் போனது என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா? அந்த இடத்தை அடிக்கடி ஓட்டிப் பாருங்கள்.

அம்மா ஸ்வீட் கொடுக்கிற காட்சியைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன். அது எதற்காகப் படிக்கிறோம் என்பதை ஞாபகப்படுத்தும். ஒரு நிமிடம் பாருங்கள், அப்புறம் உடனே புத்தகம்.

*

ஐயா/அம்மா, நான் ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் பூசலார் நாயனார் மனதிலேயே கோயில் கட்டினார், இறைவனே அதில் குடியேறினார். இன்றைக்கு வெள்ளைக்காரன் சொல்கிற விஷுவலைசேஷன் இதுதானே? நம்மிடம் இருந்ததைத்தானே அவர்கள் பெயர் மாற்றிச் சொல்கிறார்கள்?
— ஒரு வாசகர், திருநின்றவூர்

ஐயா, தின்னனூர்க்காரர் ஒருவர் இதைக் கேட்டதே எனக்குச் சந்தோஷம். ஆவடி தாண்டி ரயிலில் போகிற எத்தனையோ பேருக்கு அங்கே இருதயாலீஸ்வரர் என்ற பெயரில் ஒரு கோயில் இருப்பதே தெரியாது. காஞ்சியில் பல்லவ மன்னன் கல்லால் எழுப்பிய கைலாசநாதர் கோயிலின் குடமுழுக்கு நாளும், பூசலார் மனதில் குறித்த நாளும் ஒன்றாகிவிட, சிவன் மன்னனின் கனவில் வந்து "உன் நாளைத் தள்ளி வை, நான் பூசலார் கோயிலுக்குப் போக வேண்டும்" என்றார் என்பது கதை.

யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. பக்தியை ஒரு வெற்றி உத்தியாகச் சுருக்கவும் எனக்கு மனமில்லை, பூசலார் எதையும் அடைவதற்காகக் கட்டவில்லை. ஆனால் அவர் கட்டிய விதத்தைப் பெரியபுராணம் சொல்கிற இடம் என்னை எப்போதும் நிறுத்திவிடும். முதலில் அவர் நிஜமாகவே பணம் தேடி அலைகிறார், கிடைக்கவில்லை. அப்புறம்தான் மனசுக்குள் இறங்குகிறார். அங்கேயும் ஒரே மூச்சில் கோபுரத்தோடு முழுக் கோயில் வந்து நிற்பதில்லை. பொருளைச் சேர்க்கிறார், கட்டுவதற்கான சாதனங்களைத் தேடுகிறார், தச்சர்களை வரவழைக்கிறார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் போடுகிறார், ராத்திரி தூங்காமல் வரிசை வரிசையாக மேலே எழுப்புகிறார், தூபி நடுகிறார், கிணறு தோண்டுகிறார், மதில் எடுக்கிறார், குளம் வெட்டுகிறார். மனசில்தானே கட்டுகிறோம், கிணற்றை விட்டுவிடுவோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. நாள் பல ஆகிறது. வியாசர்பாடித் தம்பிக்கு மேலே நான் எழுதியதை, சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டிலேயே இவ்வளவு விவரமாகக் காட்டியிருக்கிறார் என்று வேண்டுமானால் நீங்களும் நானும் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

*

அக்கா, எனக்கு 47 வயது. ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சில வருடங்களுக்கு முன் பழகும்போது விழுந்து முழங்கையில் நல்ல அடி. "இந்த வயசுல உனக்கு எதுக்கு வண்டி, ஆட்டோல போயேன்" என்கிறார் என் கணவர். தினமும் கண்ணாடி முன் நின்று என்னால் முடியும், என்னால் முடியும் என்று சொல்கிறேன். சொல்லும்போது தைரியமாகத்தான் இருக்கிறது. சாவியைக் கையில் எடுத்ததும் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது.
— ஒரு வாசகி, குரோம்பேட்டை

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் முதலில் நினைத்தது, ராதா நகரிலிருந்து மார்க்கெட்டுக்குப் போய்வர எத்தனை ஆட்டோக்காரரிடம் எத்தனை வருடமாகப் பேரம் பேசியிருப்பீர்கள் என்பதுதான். கற்றுக்கொள்ளுங்கள். 47 எல்லாம் ஒரு வயதே இல்லை.

கண்ணாடி முன் சொல்வது தப்பில்லை, ஆனால் அதற்கு அவ்வளவுதான் சக்தி. ஆல்பர்ட் பந்துரா என்று ஒரு பெரிய உளவியலாளர், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 2021-இல் காலமானார். 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்கிற நம்பிக்கை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்பதை 1977-இல் விரிவாக எழுதினார். அவர் கணக்குப்படி அதில் ரொம்ப பலமானது நாமே செய்து பார்த்து ஜெயித்த அனுபவம். அதற்கு அடுத்தது நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. அப்புறம்தான் மற்றவர்கள் சொல்லும் தைரிய வார்த்தை, அதோடு உடம்பின் படபடப்பை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. நீங்கள் வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பப் பார்க்கிறீர்கள். பாம்பென்றால் நடுங்குகிறவர்களை வைத்துத்தான் பந்துரா நிறையச் சோதனைகள் செய்தார். முதலில் வேறொருவர் பாம்பைத் தொடுவதைப் பார்ப்பார்கள், பிறகு கொஞ்சம் கிட்டே, பிறகு கையுறை போட்டுத் தொடுவது, கடைசியில் வெறுங்கையில் எடுப்பது. படிப்படியாகப் போனதால், வருடக்கணக்காக இருந்த பயம் சில மணி நேரத்தில் விட்டுப்போனவர்கள் உண்டு.

ஸ்கூட்டருக்கும் அதையே செய்யுங்கள். முதல் நாள் வண்டியை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், ஸ்டாண்டை எடுத்துவிட்டுத் தெருவில் தள்ளிக்கொண்டு போய்த் திருப்பிக்கொண்டு வாருங்கள், அதன் கனம் கைக்குத் தெரியட்டும். மறுநாள் உட்கார்ந்து, காலால் உந்திக்கொண்டே பிரேக் மட்டும் பிடித்துப் பழகுங்கள். உங்கள் தெருவிலேயே நாற்பதைத் தாண்டி வண்டி பழகிய பெண் ஒருத்தியாவது இருப்பாள், விடியற்காலையில் அவளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் பழக்க வேண்டாம், அவர் நல்லவராகவே இருக்கட்டும், இதற்கு மட்டும் வேண்டாம். கை வியர்ப்பதைப் பார்த்து "எனக்கு வராது" என்று முடிவு கட்டாதீர்கள், ஒரு முறை விழுந்த உடம்பு ஜாக்கிரதையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இனி கற்பனைக்கு வருகிறேன், உங்களுக்கு அது நிஜமாகவே உதவும். ஆல்வரோ பாஸ்குவல்-லியோன் என்ற நரம்பியல் மருத்துவர் 1995-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. பியானோ தெரியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கொடுத்து, ஒரு குழுவை ஐந்து நாள், தினம் இரண்டு மணி நேரம் வாசிக்க வைத்தார். இன்னொரு குழு பியானோ முன் உட்கார்ந்து, விரலை அசைக்காமல், வாசிப்பதாக நினைக்க மட்டும் வேண்டும். நினைத்தவர்களுக்கும் மூளையில் அந்த விரல்களுக்கான பகுதி விரிந்திருந்தது, வாசிப்பும் தேறியிருந்தது. நிஜமாக வாசித்தவர்கள் அவர்களைவிட மேலாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் நினைத்தவர்கள் அப்புறம் ஒரே ஒரு தடவை இரண்டு மணி நேரம் கையால் வாசித்ததும், மற்றவர்கள் ஐந்து நாளில் வந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள். ஆகவே ஓட்டாத நேரத்திலும் ஓட்டிப் பார்ப்பது வீண் போகாது, ஓட்டவே ஓட்டாமல் நினைத்துக்கொண்டு மட்டும் இருந்தால் பாதி வழியில் நிற்கும்.

நினைக்கும்போது உங்களை வெளியிலிருந்து சினிமாவில் பார்க்கிற மாதிரி பார்க்காதீர்கள். ஸீட்டில் இருந்து பாருங்கள். வலது கை ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்குகிறது, எந்த இடத்தில் வண்டி சட்டென்று நகர்கிறது, அந்த நேரத்தில் தோள் இறுகுகிறதா, எதிரில் தண்ணீர் லாரி திரும்பினால் எந்தப் பிரேக், கால் எப்போது தரையைத் தொடுகிறது என்று, நிஜத்தில் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு ஓட்டுங்கள். வண்டி ஆட்டம் போடுவதையும் பாருங்கள், அதை நீங்கள் சரிசெய்வதையும் பாருங்கள். நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் இப்படித்தான், நன்றாகப் போகிற பந்தயத்தோடு, ஏடாகூடமாகப் போகிற பந்தயத்தையும் சேர்த்தே மனசில் நீந்திப் பார்ப்பார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை பந்தயத்தில் அவருடைய கண்ணாடிக்குள் தண்ணீர் நிரம்பி, சுவர் எங்கே என்றே தெரியாமல் போனது. கைவீச்சை எண்ணிக்கொண்டே நீந்திப் போய்த் தங்கம் வாங்கினார், 1 நிமிடம் 52.03 நொடி, அன்றைக்கு அது உலக சாதனை.

எல்எல்ஆர் வாங்கியபின் டெஸ்டுக்குப் போக எப்படியும் 30 நாள் ஆக வேண்டும். அந்த ஒரு மாதத்தில் தினம் சாயங்காலம் ஐந்து நிமிடம் மனசில் எட்டு போடுங்கள், காலையில் மைதானத்தில் நிஜ எட்டு. வளைவில் கண் வண்டியின் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். மனசில் ஓட்டும்போதும் அதே போலப் பாருங்கள். லைசென்ஸ் வந்ததும் எனக்கு எழுதுங்கள், இந்தப் பக்கத்தில் போடுகிறேன். ஹெல்மெட் மறக்க வேண்டாம்.

*

கண்ணை மூடி மனக்காட்சி பார்க்கச் சொல்கிறார்கள். எனக்குக் கண்ணை மூடினால் இருட்டுதான் தெரிகிறது, வேறு ஒன்றும் வருவதில்லை. என் அம்மா முகம்கூட வராது. எனக்கு ஏதாவது கோளாறா அக்கா?
— கல்லூரி மாணவி, பெரம்பூர்

கோளாறே இல்லைம்மா. உங்களைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள், மற்றவர்களுக்கு நிஜமாகவே படம் தெரியும் என்பதே தெரியாமல், அது சும்மா பேச்சு வழக்கு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பிரிட்டனைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஆடம் ஸீமன் 2015-இல் இதற்கு 'அஃபாண்டேசியா' என்று பெயர் வைத்தார். பிக்ஸார் நிறுவனத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரான எட் கேட்மல் தனக்கும் மனசில் படம் வராது என்று சொல்லியிருக்கிறார். உலகமே பார்க்கிற அனிமேஷன் படங்களை எடுத்த கம்பெனியை நடத்தியவர் அவர்.

உங்களுக்குக் காட்சி வேண்டியதில்லை, வரிசை போதும். நாளை கல்லூரி செமினாரில் பேச வேண்டும் என்றால், எழுந்து நிற்பது முதல் உட்கார்வது வரை என்னென்ன செய்யப் போகிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், இல்லையென்றால் எழுதுங்கள். காலியாக உள்ள வகுப்பறையில் ஒரு முறை நடந்து போய் நின்று பார்த்துவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

*

என் மகனுக்கு 9 வயது, செஸ் வகுப்புக்குப் போகிறான். தினமும் தூங்கும் முன் "நீதான் அடுத்த உலக சாம்பியன்" என்று அவன் காதில் சொல்கிறேன். குகேஷ்கூட சின்ன வயதிலேயே அப்படித்தானே சொன்னார்? இப்போது ஒரு டோர்னமெண்டில் தோற்றதிலிருந்து போர்டையே தொடமாட்டேன் என்கிறான்.
— ஒரு தந்தை, அம்பத்தூர்

சார், அது குகேஷ் தனக்காகத் தானே சொன்னது. உங்கள் பையன் விஷயத்தில் சொல்வது நீங்கள், அதனால்தான் தோற்றபோது அவன் ஒரு ஆட்டத்தை இழந்ததாக நினைக்காமல் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை இழந்ததாக நினைக்கிறான்.

2013-இல் சென்னையில் உலக சாம்பியன் பட்டத்துக்காக ஆனந்தும் கார்ல்சனும் ஆடியபோது பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்த சின்னப் பையன் குகேஷ். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். எல்லோரும் அந்தக் கடைசி நாளைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதே போட்டியில் அவர் முதல் ஆட்டத்தையே தோற்றார், அதுவும் முதலில் நகர்த்தும் வசதி உள்ள வெள்ளைக் காயில். மூன்றாவது ஆட்டத்தில் ஜெயித்துச் சமன் செய்தார். 11-ஆவதில் ஜெயித்து, 12-ஆவதில் மறுபடி தோற்று, 14-ஆவதில் ஜெயித்து முடித்தார். இந்தப் போட்டிக்கு மனசைத் தயார் செய்ய பேடி அப்டன் என்ற மனப் பயிற்சியாளரோடு அவர் வேலை செய்திருந்தார், 2011-இல் உலகக் கோப்பை வாங்கிய நம் கிரிக்கெட் அணியோடும் இருந்தவர் அவர்.

இன்று ராத்திரி சாம்பியன் பேச்சு வேண்டாம். "அந்த ஆட்டத்துல எந்த மூவ் வரைக்கும் உனக்குப் பிடிச்சிருந்தது?" என்று கேளுங்கள். அவனே போர்டை எடுத்து வந்து காட்டுவான், காட்டாவிட்டால் ஒரு வாரம் சும்மா விடுங்கள்.

*

எனக்குத் தன்னம்பிக்கையே இல்லை. மூன்று மாதமாகக் காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, பிடித்த பாட்டுகூடப் பிடிக்கவில்லை. எந்தப் பயிற்சி செய்தால் சரியாகும்?
— பெயர், ஊர் வேண்டாம்

உங்களுக்கு நான் எந்தப் பயிற்சியும் சொல்லப் போவதில்லை. நீங்கள் எழுதியிருப்பது தன்னம்பிக்கைக் குறைவு இல்லை, மனச்சோர்வு நோயின் அடையாளங்கள் இவை. காய்ச்சலுக்குப் போகிற மாதிரி டாக்டரிடம் போக வேண்டியது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எதிலும் மனநலப் பிரிவு உண்டு. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் இன்றைக்கே 14416 என்ற டெலிமனஸ் எண்ணுக்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் இந்தக் கடிதத்தை அப்படியே காட்டுங்கள். போய் வந்தபின் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.

*

அக்கா, ஓஎம்ஆரில் ஐடி வேலை. ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போக வேண்டும். ஈசிஆர் ரிசார்ட் ஒன்றில் இரண்டு நாள் விஷன் போர்டு, நினைத்தே வரவழைக்கிற மேனிஃபெஸ்டேஷன் பயிற்சி, 15,000 ரூபாய். ஆபீஸ் தோழிகள் எல்லாம் போகிறார்கள். போகலாமா?
— ஒரு வாசகி, சோழிங்கநல்லூர்

தோழிகளோடு கடற்கரையில் இரண்டு நாள் இருக்க ஆசையாக இருந்தால் தாராளமாகப் போங்கள், அதற்கு இவ்வளவு பணம் வேண்டாம். ஜெர்மனிக்குப் போவதற்காக என்றால் போக வேண்டாம். விஷன் போர்டு என்பது ஆசைப்பட்டதன் படங்களை ஒட்டி வைக்கிற அட்டைதான், அதற்கு ஒரு சார்ட் பேப்பரும் பசையும் போதும், பாண்டி பஜாரில் கிடைக்கும். நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் மொழி கற்றுத்தரும் கோத்தே இன்ஸ்டிடியூட் இருக்கிறது, மாக்ஸ் முல்லர் பவன் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். அங்கே ஏ1 என்கிற முதல் நிலை ஜெர்மன் வகுப்பு அடுத்து எப்போது ஆரம்பிக்கிறது, வேலைக்குப் போகிறவர்களுக்குச் சாயங்கால வகுப்போ சனி, ஞாயிறு வகுப்போ உண்டா என்று இந்த வாரமே விசாரியுங்கள். சோழிங்கநல்லூரிலிருந்து நுங்கம்பாக்கம் போய்வரும் அலுப்பையும், புராஜெக்ட் டெலிவரி இருக்கிற வாரம் வகுப்பை என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்து எழுதி வைத்துவிடுங்கள், மூன்றாவது வாரத்தில் அதுதான் வந்து நிற்கும். போர்டில் பெர்லின் படம் ஒட்டினால் ஒட்டிக்கொள்ளுங்கள், அதற்குப் பக்கத்தில் ஏ1 தேர்வுத் தேதியும் கட்டணம் கட்டிய ரசீதும் இருக்கட்டும்.